வாசகர் கேள்வி–பதில்: எல்லையோரப் பிள்ளைகளும் தமிழ் எழுத்தும்

கே: மகள் மலையாள வழியில் நான்காம் வகுப்பு. வீட்டில் தமிழ்தான் பேசுவாள். எழுதச் சொன்னால் ‘அவன் வந்து’ என்று நிறுத்திவிடுகிறாள். உகர எழுத்துகளும் குழப்பம்.
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

ப: மலையாளத்தில் வினை ஆளுக்கேற்ப மாறாது, நான், அவன், அவள் எல்லாவற்றுக்கும் ஒரே முடிவு. எழுதும்போது பள்ளிப் பழக்கம் முந்திக்கொள்கிறது. தினம் ஒரு வினை எடுங்கள்: வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தார்கள். முதலில் வாயால் சொல்லட்டும், பிறகு எழுதட்டும். பேச்சில் சரியாகவே சொல்வாள். அதைக் கைக்குக் கொண்டுவந்தால் போதும்.

247 எழுத்தையும் அரிச்சுவடி வரிசையில் ஓட்ட வேண்டாம். ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் மலையாளத்திலேயே அவளுக்குப் பழக்கம். ெ, ே, ை எழுத்துக்கு முன்னால் வருவதும் தெரியும். நேரம் தேவைப்படுவது உகரத்துக்குத்தான். 1971 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் மலையாளப் பாடநூல்களில் உகரக் குறி தனியாக நிற்கிறது. தமிழில் எழுத்தோடு ஒட்டி உருவமே மாறும். வடிவம் பார்த்துப் பிரியுங்கள்: கு டு மு ரு ழு ளு ஒரு கூட்டம், ஙு சு பு யு வு இன்னொன்று, ஞு ணு து நு லு று னு மூன்றாவது. ஒரு கூட்டம் கைவந்த பிறகே அடுத்தது. நெடிலில் கூ, சூ இரண்டையும் தனியாகப் பழக்குங்கள்.

‘தங்கம், மகன், கடல்’ மூன்றுக்கும் ஏன் ஒரே க என்று கேட்பாள். சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, மெல்லினத்துக்குப் பின்னும் உயிரொலிகளுக்கு நடுவிலும் மென்மை என்று சொல்லி, வாசிக்க விடுங்கள். தினம் இருபது நிமிடம் போதும். ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்த்தி வைத்தால் பிள்ளை தமிழையே வெறுத்துவிடும்.

கே: தெலுங்கு வழியில் படிக்கும் மகன் ‘கெ’ எழுதச் சொன்னால் க எழுதிவிட்டுப் பின்னால் கொம்பு போடுகிறான்.
— வாசகர், நகரி

ப: தெலுங்கில் அந்தக் குறி எழுத்தின் தலைமேல் ஏறும், அதனால்தான். கொம்பை முதலில் எழுதி, அரை விரல் இடம் விட்டு, பிறகு க எழுதச் சொல்லுங்கள். ‘கொ’வுக்கும் அதே முறை: கொம்பு, க, கால்.

கே: எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் தமிழ் ஆசிரியர் கேட்டால் ‘பிள்ளைகள் குறைவு’ என்கிறார்கள்.
— பெற்றோர், தேவிகுளம்

ப: தாய்மொழிவழித் தொடக்கக் கல்விக்கு மாநிலம் வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது அரசமைப்பின் 350அ பிரிவு (1956). ஒரு வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளி முழுதும் 40 பேர் இருந்தால் ஆசிரியர் வேண்டும் என்பது 1949 மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டின் அளவுகோல். முதலில் உங்கள் எண்ணிக்கையை எண்ணுங்கள். சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி கேட்கும் இடத்தில் ‘தமிழ்’ என்றே எழுதுங்கள். பலர் அங்கேதான் தவறவிடுகிறார்கள். வகுப்புவாரிப் பெயர்ப் பட்டியலோடு கூட்டு மனு எழுதித் தலைமை ஆசிரியருக்கும் உதவிக் கல்வி அலுவலர் (ஏ.இ.ஓ.) அலுவலகத்துக்கும் கொடுத்து, நகலில் ரசீது முத்திரை வாங்குங்கள். கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலைநாள் தலைக்கணக்கை வைத்தே ஆசிரியர் பணியிடம் தீர்மானிக்கிறார்கள். ஆகவே மனு மே மாதமே போய்ச் சேர வேண்டும். அந்த ஆறாம் நாள் ஒரு பிள்ளைகூட வீட்டில் நிற்கக் கூடாது.