கதவில் புது பெயின்ட் தெரிந்தால் தூணைப் பாருங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "2018-ஆம் ஆண்டு சில்வர் நிற ஸ்விஃப்ட் கார் ஒன்றை அதன் முதல் உரிமையாளரிடமிருந்து தரகர் மூலம் வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். 'கம்பெனி பெயின்ட், எங்கும் கை வைத்ததில்லை' என்கிறார் தரகர். என்னோடு வந்த மைத்துனரோ, வலப்பக்கக் கதவுகள் இரண்டும் புதிதாகத் தெரிகின்றன என்கிறார். எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. கருவி இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? மறுபடி பெயின்ட் அடித்த வண்டி என்றால் விட்டுவிடத்தான் வேண்டுமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெயின்ட் அடித்திருப்பது மட்டுமே ஒரு வண்டியை ஒதுக்கக் காரணம் ஆகாது. நம் ஊர்ச் சந்துகளில் ஏழெட்டு ஆண்டுகள் ஓடிய கார் ஒரு கதவிலாவது உரசல் வாங்காமல் இருப்பது அரிது. கதவு, பேனட், டிக்கி, முன்பக்க ஃபெண்டர் (முன் சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) ஆகியவை போல்ட்டில் மாட்டப்பட்டவை. கழற்றலாம், மாற்றலாம், பெயின்ட் அடிக்கலாம். வண்டியின் பலம் குறையாது. ஆனால் கூரையைத் தாங்கும் தூண்கள், கூரை, கதவுக்குக் கீழே ஓடும் படிப்பகுதி, முன்னும் பின்னும் நீளும் சட்டங்கள் ஆகியவை வெல்டிங் மூலம் ஒன்றாக்கப்பட்ட உடற்கூடு. மோதலில் உங்கள் உயிரைக் காப்பது அதுதான். எனவே உங்கள் தேடல் கதவோடு நிற்கக் கூடாது. கதவைத் தாக்கிய அடி தூணுக்குப் போனதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது கண்டுபிடிக்கும் வழி. தொழிற்சாலையில் வேலை நடக்கும் வரிசையைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அங்கே கண்ணாடி, ரப்பர், வயரிங், இருக்கை எதுவும் பூட்டாத வெறும் கூட்டை, கதவுகளும் பேனட்டும் மாட்டிய நிலையில், தொட்டியில் முக்கி எடுத்து அடிப்பூச்சு ஏற்றுகிறார்கள். அதன் மேல் பிரைமர், நிறம், பளபளப்புக்கான நிறமற்ற கிளியர் கோட் என்று வரிசையாக ஏற்றிச் சூளையில் சுடுகிறார்கள். மேல்பூச்சே ஏறத்தாழ 140 டிகிரியில் சுடப்படுகிறது. பட்டறைக்கு வருவதோ முழுமையாகப் பூட்டப்பட்ட வண்டி. அதை அந்தச் சூட்டில் வைத்தால் பிளாஸ்டிக்கும் ரப்பரும் கெட்டுவிடும். எனவே பெயின்ட்டை இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த வேறு வகை பெயின்ட்டை அடித்து 60, 70 டிகிரியில் உலர்த்துகிறார்கள், அல்லது வெயிலிலேயே விட்டுவிடுகிறார்கள். சுருக்கமாக, தொழிற்சாலையில் பெயின்டுக்குப் பிறகு பீடிங் (கதவோரங்களில் ஓடும் ரப்பர் பட்டை) வருகிறது. பட்டறையில் பீடிங் ஏற்கெனவே இருக்கிறது, பெயின்ட் பிறகு வருகிறது. பெரும்பாலான தடயங்கள் இதனால் உண்டாகின்றவைதான்.

உங்கள் வண்டியில் ஒரு வசதி இருக்கிறது. சந்தேகம் வலப்பக்கத்தில், இடப்பக்கம் கைபடாமல் இருந்தால் அதுவே உங்களுக்கு அளவுகோல். ஒவ்வொரு சோதனையையும் முதலில் இடப்பக்கத்தில் செய்து பாருங்கள், பிறகு வலப்பக்கம் வாருங்கள்.

காலை அல்லது மாலைச் சாய்வு வெயிலில், கழுவிக் காய்ந்த வண்டியைப் பாருங்கள். ஈரமான வண்டியையும் கடையின் விளக்கொளியில் நிற்கும் வண்டியையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் எல்லாக் குறைகளையும் மூடிவிடும். சில்வர் நிறத்தில் மெல்லிய அலுமினியத் துகள்கள் இருக்கின்றன. அவை எந்தச் சாய்வில் படிகின்றன என்பது ஸ்பிரே துப்பாக்கியின் அழுத்தத்தையும் தூரத்தையும் பொறுத்தது. அதனால் தேர்ந்த பெயின்டரும் திணறும் நிறம் இது. கதவுக்கு நேரே நின்று பார்த்தால் நிறம் பொருந்தியிருக்கும். பின்விளக்கின் அருகே போய் வண்டியின் நீளவாக்கில் பார்த்தால் கதவு மட்டும் ஒரு சாயல் கருத்தோ வெளுத்தோ தெரியும். உங்கள் மைத்துனர் இதைத்தான் கவனித்திருக்க வேண்டும். அதே இடத்திலிருந்து கதவில் விழும் மின்கம்பத்தின் பிம்பத்தையும் பாருங்கள். பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டியைப் போட்டுத் தேய்த்த இடத்தில் பிம்பம் நெளியும். பம்பரின் நிறம் சற்று வேறுபட்டால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பிளாஸ்டிக், தனியாகப் பெயின்ட் அடிக்கப்பட்டுப் பிறகு பூட்டப்படுவது, புது வண்டியிலேயே லேசான வித்தியாசம் தெரியும்.

அடுத்து கதவைத் திறந்து ஓரங்களைத் தடவுங்கள். கண்ணைவிட விரல் நுனி கூர்மையானது. பெயின்ட் படாமல் மறைக்க மாஸ்கிங் டேப் ஒட்டிய இடத்தில் நூல் போன்ற மேடு தட்டுப்படும். ரப்பர் பீடிங்கின் உதட்டை லேசாக மடித்துப் பாருங்கள். சில்வர் பொடி படிந்திருந்தால் அது பட்டறை வேலை. கதவின் உட்புறக் கீழ் விளிம்பில், தகட்டு இணைப்பை அடைத்து ஓடும் சீலன்ட் கோட்டையும் பாருங்கள். தொழிற்சாலைச் சீலன்ட் ஒரே அகலத்தில், இடைவிடாமல் போகும். கையால் பூசியது ஏற்ற இறக்கமாக இருக்கும், அல்லது அங்கே சீலன்டே இருக்காது. பிறகு கீல்களின் போல்ட். கதவோடு சேர்ந்து பெயின்ட் வாங்கிய போல்ட்டின் தலையில் ஸ்பேனர் பட்டால் முனைகளில் பெயின்ட் உதிரும். வலப்பக்கம் உதிர்ந்து இடப்பக்கம் முழுமையாக இருந்தால், வலக்கதவு கழற்றப்பட்டிருக்கிறது.

இனி முக்கியமான இடம். இரண்டு கதவுகளையும் திறந்தால் நடுவே நிற்கும் தூண். கதவுகள் இரண்டுமே அடி வாங்கியிருந்தால் நடுத்தூண் தப்பியதா என்பதுதான் இந்த வண்டி குறித்த உண்மையான கேள்வி. டயர் காற்றழுத்த ஸ்டிக்கர் பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவைத் திறந்தால் அங்கேதான் ஒட்டியிருக்கும். அது காணாமல் போயிருந்தாலோ, அதன் விளிம்பில் பெயின்ட் ஏறியிருந்தாலோ தூணில் கை வைத்திருக்கிறார்கள். உரிமையாளரின் அனுமதியோடு தூணின் விளிம்பில் மாட்டியிருக்கும் பீடிங்கை ஒரு சாண் நீளத்துக்கு இழுத்தெடுங்கள். சேதமில்லாமல் திரும்ப அழுத்திவிடலாம். உள்ளே தகடுகள் சேரும் இடத்தில் வட்டக் குழிகளாக ஸ்பாட் வெல்டிங் தெரியும். இடப்பக்கம் எப்படி இருக்கிறதோ அதே இடைவெளியில் இங்கும் இருக்க வேண்டும். குழிகள் இல்லாமல் வழவழப்பாக இருந்தாலும், கிரைண்டர் கீறல் தெரிந்தாலும், வரியாக வெல்டிங் ஓடியிருந்தாலும் அந்த வண்டி எனக்கு வேண்டாம்; விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். குனிந்து, கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் தகட்டு விளிம்பையும் பாருங்கள். அது நேர்கோடாக ஓட வேண்டும். அந்தப் பக்கம் மட்டும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பழைய காந்தச் சோதனையைப் பலரும் சொல்வார்கள். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் கனமான பட்டியைக் காட்டிக்கொடுக்கும். பட்டி இல்லாமல் அடித்த பெயின்ட்டை அது காட்டாது. பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்காவிட்டாலும், பழைய வண்டிகளைச் சோதிப்பவர்கள் வைத்திருப்பார்கள். தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). 200, 300 என்றால் மேலே இன்னொரு பூச்சு ஏறியிருக்கிறது. 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி. முதலில் கூரையில் அளந்து, அந்த எண்ணோடு மற்ற இடங்களை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கதவிலும் ஐந்தாறு இடங்களில் வையுங்கள். கருவி ஏமாறும் இடங்களும் உண்டு. புதுக் கதவே வாங்கி மாட்டி அளவாகப் பெயின்ட் அடித்திருந்தால் 150-க்கு அருகிலேயே காட்டலாம். அப்போது போல்ட்தான் உண்மை சொல்லும். நல்ல பெயின்டர் கதவின் நிறம் பக்கத்தோடு இழையட்டும் என்று ஃபெண்டர் வரை கிளியர் கோட்டை இழுத்திருப்பார். ஃபெண்டரில் 200 காட்டினால் அதுவும் இடிபட்டது என்று பொருளில்லை.

பெயின்ட்டுக்கு வெளியேயும் சாட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்பாளர் முத்திரையும் ஆண்டுக்குறியும் இருக்கும். மற்றவை 2018-ஐயோ அதற்கு முந்தைய ஆண்டையோ சொல்ல, வலக்கதவுக் கண்ணாடி மட்டும் பிந்தைய ஆண்டைச் சொன்னால் அடி பலமாக இருந்திருக்கலாம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். முதல் உரிமையாளர் என்பதால் அது உங்களுக்கு நிறையச் சொல்லும். இழப்பீடு கேட்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். 2018 முதல் எதுவும் நடக்கவில்லை என்பவரின் பத்திரத்தில் இப்போது 50 இருக்க வேண்டும். 20 அல்லது 25 இருந்தால் இடையில் இழப்பீடு வாங்கியிருக்கலாம், அல்லது 90 நாளுக்கு மேல் காப்பீடு புதுப்பிக்கப்படாமல் கிடந்திருக்கலாம். கையிலிருந்து பணம் கொடுத்துச் செய்த டிங்கரிங் வேலை இதில் தெரியாது. ஆகவே 50 சதவீதத்தைப் பார்த்ததும் மற்ற சோதனைகளை விட்டுவிடாதீர்கள்.

தரகரை விட்டுவிட்டு உரிமையாளரிடமே நேரில், "வலக்கதவுகளுக்கு என்ன ஆனது?" என்று கேளுங்கள். "பெயின்ட் அடித்தீர்களா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லி முடித்துவிடுவார். தெரிந்தே கேட்பது போல் கேட்டால் பெரும்பாலானோர் நடந்ததைச் சொல்லிவிடுவார்கள், பட்டறை ரசீதும் கிடைக்கலாம். அவர் சொல்வதும் தூணில் நீங்கள் பார்த்ததும் ஒத்துப்போனால் தாராளமாக வாங்குங்கள். இரண்டு கதவு பெயின்ட்டைக் காட்டி விலையைக் குறைத்துப் பேசவும் உங்களுக்கு நியாயம் இருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் நீங்கள் தேர்ந்தெடுக்கும் பட்டறையில் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அதற்குத் தரகர் மறுத்தால் திருப்பூரிலும் கோவையிலும் 2018 ஸ்விஃப்ட்டுக்குப் பஞ்சமில்லை, வேறு வண்டி பாருங்கள்.