வைஃபை பிடிக்கவில்லை என்றால் பழுது எங்கே?

நீங்கள் அனுப்பிய வைஃபை கேள்விகளுக்கான பதில்களுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். வைஃபை வரவில்லை என்றதும் போனை ரீசெட் அடிக்காதீர்கள், கடைக்கும் ஓடாதீர்கள். வீட்டு வைஃபையில் வேறொரு போனைச் சேர்த்துப் பாருங்கள். அடுத்து, உங்கள் போனைப் பக்கத்தில் இருப்பவரின் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துப் பாருங்கள். வேறு போனும் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் நெட் வரவில்லை என்றால் பழுது ரவுட்டரிலோ லைனிலோ இருக்கிறது. உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டிலும் சேரவில்லை என்றால் போனில். இரண்டும் சேர்ந்தால், அந்தப் போனும் அந்த ரவுட்டரும் மட்டும் ஏதோ ஒரு செட்டிங்கில் ஒத்துப்போகவில்லை. ஐந்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் பணத்தையும் படங்களையும் இழப்பவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது.

மழை பெய்ததிலிருந்து வைஃபை கனெக்ட் ஆகுது, ஆனா நெட் இல்லை. வீட்டில் எல்லா போன்லயும் இதேதான். (மார்த்தாண்டம்)

எல்லா போனிலும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதனால் போன்களை விட்டுவிடுங்கள். வைஃபை என்பது ரவுட்டருக்கும் போனுக்கும் நடுவே உள்ள இணைப்பு மட்டும். வெளியிலிருந்து ரவுட்டருக்கு நெட் வருகிறதா என்பது வேறு விஷயம். ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை வழியாக நெட் ஒளியாக வருகிறது. அந்தப் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. உங்கள் பக்கம் கேபிள் ரப்பர் மரத்துக்கும் தென்னைக்கும் நடுவே தொங்கித்தான் வருகிறது. ஒரு மட்டை விழுந்தால் போதும். லைன்மேனைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு முன் பெட்டிக்குப் பின்னால் உள்ள மெல்லிய வயர் இறுக்கமாக மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், மடங்கினாலும் ஒளி கசிந்துவிடும். அதைக் கழற்றி நுனியைக் கண்ணால் உற்றுப் பார்க்க வேண்டாம், உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

சிவப்பு விளக்கு இல்லையென்றால் ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் பெட்டியை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். இடி மின்னலின்போது அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, ஆனால் கரண்ட் லைன் வழியாக வரும் அதிர்ச்சி பெட்டியைக் கருக்கிவிடும்.

புது ரவுட்டர் வைத்தோம். பெயரும் பாஸ்வேர்டும் பழையதேதான். மற்ற போன்கள் சேருது, என்னுடைய பழைய போன் மட்டும் மாட்டேங்குது. (குளச்சல்)

முதலில் அந்த வைஃபை பெயரைத் தொட்டு 'ஃபர்கெட்' கொடுத்து, பாஸ்வேர்டைப் புதிதாக அடியுங்கள். அடிக்கும்போது கண் படத்தைத் தொட்டு எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்தைக் கீபோர்டு தானாகப் பெரிதாக்கியிருக்கும், அல்லது கடைசியில் ஒரு இடைவெளி விழுந்திருக்கும்.

அப்படியும் சேரவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் பாதுகாப்பு முறை மேல். 2018-ல் டபிள்யூபிஏ3 என்ற புது முறை வந்தது. புது ரவுட்டரை அந்த முறையில் மட்டும் வைத்திருந்தால், அது தெரியாத பழைய போன் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் வெளியேதான் நிற்கும். ரவுட்டர் செட்டிங்கில் பழைய டபிள்யூபிஏ2, புது டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். வைத்துத் தந்தவரே செய்து தருவார். போன் சேரட்டும் என்று பாஸ்வேர்டையே எடுத்துவிட மட்டும் சம்மதிக்காதீர்கள்.

பட்டியலில் உங்கள் வைஃபை பெயரே தெரியவில்லை என்றால் காரணம் வேறு. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைகளில் வரும், பழைய போன்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். புது ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடினால் அவற்றின் கண்ணுக்கு அது படாது. 2.4-ஐயும் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

இவை எதுவும் பலிக்காவிட்டால் மட்டும் போனில் 'நெட்வொர்க் ரீசெட்' செய்யலாம். படங்கள் போகாது. ஆனால் சேமித்த எல்லா வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் அழியும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னியாகுமரியில் சிறிய லாட்ஜ் நடத்துகிறோம். ஐயப்ப சாமிகள் வரும் சீசனில் 'ஐபி முகவரி பெறுகிறது' என்றே போன்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. விருந்தினரிடம் திட்டு வாங்குவது நாங்கள்தான். (கன்னியாகுமரி)

விருந்தினர் போன்களில் ஒரு கோளாறும் இல்லை. சேரும் ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் ஒரு எண் கொடுக்கிறது, அதுதான் ஐபி முகவரி. வீட்டு ரவுட்டரின் ஒரு வரிசையில் அதிகபட்சம் 250-ஐ ஒட்டித்தான் எண்கள் உண்டு, பலவற்றில் அதிலும் 100 மட்டும் திறந்திருக்கும். கொடுத்த எண் பெரும்பாலும் 24 மணி நேரம் அந்தப் போனின் பெயரிலேயே இருக்கும். விடியற்காலை சூரிய உதயம் பார்த்துவிட்டுக் கிளம்பிய குழுவின் எண்கள் இரவு வரை காலியாவதில்லை. மதியம் வந்து இறங்கும் பஸ்காரர்களுக்குக் கொடுக்க எண் இல்லை.

ரவுட்டர் செட்டிங்கில் எண் கொடுப்பதைக் கவனிக்கும் 'டிஹெச்சிபி' பக்கத்துக்குப் போய் லீஸ் நேரத்தை, அதாவது ஒரு எண் ஒரு போனின் பெயரில் இருக்கும் நேரத்தை, 1 மணி அல்லது 2 மணி நேரமாகக் குறையுங்கள், எண் வரிசையை முழுவதும் திறந்துவிடுங்கள். இது இன்றே செய்யக்கூடியது. ஆனால் ஒரே நேரத்தில் எத்தனை போன் சேரலாம் என்பதற்கும் வீட்டு ரவுட்டர்களில் வரம்பு உண்டு. ஒரு அறைக்கு ஐந்து பேர், ஆளுக்கொரு போன் என்று கணக்குப் போட்டால் அது சீக்கிரம் நிரம்பிவிடும். மாடிக்கொரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் தனிப் பெட்டி) வயர் இழுத்து வைப்பதுதான் நிலையான வழி. அலுவலகக் கம்ப்யூட்டரும் கேமராவும் இருக்கும் வைஃபையை விருந்தினருக்குத் தராதீர்கள். 'கெஸ்ட்' வைஃபை தனியாக இருக்கட்டும்.

பழைய தறவாட்டு (பூர்வீகக் குடும்ப) வீடு. முன் அறையில் நன்றாக வருகிறது, அடுக்களையில் வரவே இல்லை. (தக்கலை)

கனமான சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் சரியாகத் தாண்டாது. அடுக்களையில் 2.4-ஐத் தேர்ந்தெடுங்கள். ரவுட்டரை வீட்டின் நடுவே, தலை உயரத்தில் வையுங்கள். இரும்புப் பீரோவுக்குப் பின்னால் வைக்க வேண்டாம்.

கல்லூரி வைஃபையில் சேர்ந்தாலும், ஸ்டேஷன் வைஃபையில் சேர்ந்தாலும் லாகின் பக்கமே வருவதில்லை. (நாகர்கோவில்)

விபிஎன் (நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் ஆப்) இருந்தால் அணையுங்கள். ஆண்ட்ராய்டில், தளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் சர்வரை மாற்றும் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்பதில் ஏதாவது பெயர் போட்டு வைத்திருந்தால் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். விளம்பரத்தைத் தடுக்க யாரோ சொன்னதைக் கேட்டுப் போட்டிருப்பீர்கள், அதுதான் லாகின் பக்கத்தை மறிக்கிறது. போனின் தேதியும் நேரமும் சரியா என்றும் பாருங்கள். தேதி தவறினால் பாதுகாப்பான தளங்கள் திறக்காது.

போன் கடல் தண்ணியில் விழுந்தது. காய வைத்து ஓடுது, ஆனா வைஃபை பட்டன் மங்கிப்போய்த் தொட்டாலும் ஆன் ஆகலை. (முட்டம்)

அண்ணா, இதற்குச் செட்டிங்கில் மருந்து இல்லை. புளூடூத்தும் ஆன் ஆகவில்லையா? பெரும்பாலான போன்களில் இரண்டும் ஒரே சிப். இரண்டும் போயிருந்தால் பழுது போர்டில்தான். கடல் தண்ணீர் வற்றினாலும் உப்பு உள்ளே தங்கி, சிப்பின் உலோகக் கால்களைத் தின்றுகொண்டே இருக்கும், இன்று வைஃபை, நாளை சார்ஜிங். அரிசிக்குள் போட்டு வைப்பதால் உப்பு போகாது.

போன் இன்னும் ஓடுகிறது என்பதால் இன்றே மொபைல் டேட்டாவில் படங்களையும் எண்களையும் கூகுள் கணக்கில் ஏற்றிவிடுங்கள். பிறகு அணைத்து, சார்ஜ் போடாமல், போர்டைத் திறந்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவத் தெரிந்த கடைக்குக் கொண்டுபோங்கள். கழுவிய பிறகும் வைஃபை வரவில்லை என்றால் சிப் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். போனின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால் மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து.