ஸ்கேன் எடுத்தால் புற்றுநோய் வருமா?

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

*என் கணவருக்கு வயது 38. சிறுநீரகக் கல் தொல்லை. மூன்று வருடத்தில் ஐந்து முறை வயிற்றுக்கு சி.டி. எடுத்தாகிவிட்டது. ரிப்போர்ட்டோடு வந்த தாளில் ‘டி.எல்.பி.’ என்று போட்டு, முதல் நான்கு தடவை 600ஐ ஒட்டியும் கடைசித் தடவை 1,240 என்றும் இருக்கிறது. இது அதிகமா? புற்றுநோய் வந்துவிடுமோ என்று தூக்கமே இல்லை.*
– வாசகி, கரூர்

அந்தத் தாளை எடுத்து வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதுவே பெரிய விஷயம். பல வீடுகளில் அது ஃபிலிம் உறையோடு பரணுக்குப் போய்விடும்.

டி.எல்.பி. என்பது, குறுக்குவெட்டு ஒன்றில் இறங்கும் கதிரின் அளவை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கி வரும் எண். இதிலிருந்து உடலுக்கு ஏற்பட்ட பாதிப்பின் அளவை மில்லிசீவர்ட்டில் தோராயமாகக் கணக்கிடலாம். பெரியவர்களின் வயிற்றுப் பகுதி என்றால் 0.015ஆலும், நெஞ்சு என்றால் 0.014ஆலும், தலை என்றால் 0.0021ஆலும் பெருக்க வேண்டும். 600 × 0.015 = 9 மில்லிசீவர்ட். 1,240 × 0.015 = 18.6. ஐந்தும் சேர்த்துச் சுமார் 55 மில்லிசீவர்ட். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், ஸ்கேனே எடுக்காதவருக்கும் மண், காற்று, உணவு, வான்வெளி வழியாக உலக சராசரியில் வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இனி, தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2006இல் தந்த கணிப்பின்படி, 100 மில்லிசீவர்ட் பட்ட 100 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் கூடுதலாக ஒரு புற்றுநோய் வரலாம். அந்த விகிதத்தில் 55 மில்லிசீவர்ட் என்றால் சுமார் 180 பேரில் ஒருவர். இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரக்கூடும் என்பது தேசியப் பதிவேட்டின் மதிப்பீடு. அதாவது அந்த 180 பேரில் ஸ்கேனே எடுக்காவிட்டாலும் 20 பேருக்கு வரலாம். இப்போது அது 21 ஆகலாம். அந்தக் கூடுதல் ஒருவர்கூட ஒரு கணிப்புதான். ஹிரோஷிமா, நாகசாகியில் அதிக அளவு கதிர் பட்டவர்களிடம் கண்டதை நேர்கோடு போட்டுக் கீழே இழுத்துப் பெற்ற எண் அது. பெரியவர்களில் 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே நேரடிச் சான்று வலுவாக இல்லை. ஒழுங்குமுறை அமைப்புகள் எச்சரிக்கையாக இருக்கவே அந்தக் கோட்டை நம்புகின்றன.

கடைசித் தடவை ஏன் இரட்டிப்பானது? தாளை மறுபடி பாருங்கள். மேலே ‘ஸ்கவுட்’ அல்லது ‘டோபோகிராம்’ (எங்கிருந்து எதுவரை எடுப்பது என்று குறிக்க எடுக்கும் முன்படம்) என்று ஒரு வரி இருக்கும். அதில் அளவு சொற்பம். அதன் கீழே 620, 620 என்பதுபோல இரண்டு வரிகள் இருந்தால், முதலில் வெறும் ஸ்கேன், பிறகு கான்ட்ராஸ்ட் ஊசி (உறுப்புகளைப் படத்தில் எடுத்துக்காட்டும் மருந்து) போட்டு இன்னொரு ஸ்கேன் என்று அர்த்தம். ஒவ்வொரு தடவை மேசை உள்ளே போய் வருவதும் தனிக் கணக்கு. கல் இருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர், எங்கே அடைத்திருக்கிறது என்பதற்கு ஊசி தேவையே இல்லை. சொல்லப்போனால் ஊசி மருந்தும் வெள்ளையாகத் தெரிவதால் கல்லை மறைக்கவும் செய்யும். கட்டி, சீழ், ரத்தக்குழாய் பற்றிச் சந்தேகம் இருந்தால் மட்டுமே இரண்டாவது ஸ்கேனுக்கு நியாயம் உண்டு. ஏன் எடுத்தார்கள் என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

அடுத்த முறை வலி வந்தால் இப்படிச் செய்யலாம். முதலில் அல்ட்ரா சவுண்ட். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கல் சந்தேகத்தோடு அவசரப் பிரிவுக்கு வந்த 2,759 பேரில் அல்ட்ரா சவுண்டில் தொடங்கியவர்களுக்கும் நேராக சி.டி.க்குப் போனவர்களுக்கும் கடுமையான சிக்கல்களில் வித்தியாசம் தெரியவில்லை. சி.டி. தவிர்க்க முடியாது என்றால் ‘லோ டோஸ் ஸ்டோன் புரோட்டோகால்’ உண்டா என்று கேளுங்கள். 4 மில்லிசீவர்ட்டுக்குள், அதாவது டி.எல்.பி. 260ஐ ஒட்டி முடித்துவிடலாம். படம் கொஞ்சம் புள்ளிபுள்ளியாகத் தெரியும்; கல்லைப் பார்க்க அது போதும். மிகப் பருமனானவர்களுக்கு மட்டும் இது சரிவராது. கல் இறங்கிவிட்டதா என்று பார்க்க மாதாமாதம் சி.டி. வேண்டாம். கால்சியம் கல் என்றால் ஒரு சாதாரண வயிற்று எக்ஸ்ரேயும் அல்ட்ரா சவுண்டும் போதும். யூரிக் அமிலக் கல் எக்ஸ்ரேயில் தெரியாது, அதை நினைவில் வையுங்கள்.

படுக்கும்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்வார்கள். தோள் வலிக்கிறது என்று பலர் கையைப் பக்கவாட்டில் போட்டுவிடுகிறார்கள். எந்திரம் உடம்பின் தடிமனைப் பார்த்துத்தான் கதிரைக் கூட்டிக் குறைக்கிறது. கை எலும்பும் சேர்ந்தால் கதிரை ஏற்றிவிடும், படத்திலும் கோடு விழும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ‘ஏற்கெனவே ஐந்து எடுத்தாயிற்று, இனி எதற்கும் சி.டி. கூடாது’ என்று முடிவுகட்டாதீர்கள். ஆறாவது ஸ்கேனின் ஆபத்து, முதல் ஸ்கேனின் ஆபத்து எவ்வளவோ அவ்வளவுதான். காய்ச்சலும் அடைப்பும் சேர்ந்து வரும் நாளில் அந்த ஸ்கேன் சிறுநீரகத்தையே காப்பாற்றும்.

*நான்கு வயதுப் பையன் கட்டிலிலிருந்து விழுந்தான். ஒரு தடவை வாந்தி எடுத்தான். தலைக்கு சி.டி. எடுத்தார்கள், நார்மல். ‘குழந்தைக்குப் போய் எடுத்துவிட்டீர்களே’ என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.*
– வாசகர், தூத்துக்குடி

எடுத்ததை நினைத்து வருந்த வேண்டாம். ஆனால் குழந்தைகள் விஷயத்தில் சொந்தக்காரர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வளரும் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. முன்னால் இருக்கும் ஆயுளும் நீளம். பெரியவர்களைப் போல இங்கே வெறும் கணிப்பு மட்டும் இல்லை. பிரிட்டனில் 1985 முதல் 2002 வரை சி.டி. எடுத்த சுமார் 1,80,000 சிறுவர்களையும் இளைஞர்களையும் தொடர்ந்து பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், 10 வயதுக்குள் தலைக்கு சி.டி. எடுத்த 10,000 பேருக்கு அடுத்த பத்தாண்டில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் வரும் என்று கணக்கு வந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் தரவைச் சேர்த்து 2023இல் வந்த பெரிய ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. உங்கள் பையன் மற்ற 9,998 பேரில் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று பாருங்கள். நாளை வேலையைப் பார்க்கலாம்.

அடுத்த முறைக்கு ஓர் அளவுகோல் தெரிந்திருக்கட்டும். 42,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்து 2009இல் வந்த விதி இது. இரண்டு வயதைத் தாண்டிய குழந்தை தெளிவாக இருக்கிறது, நினைவு தப்பவில்லை, வாந்தி இல்லை, கடும் தலைவலி இல்லை, மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்த அடையாளம் (காதில் ரத்தம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு) இல்லை, விழுந்த உயரமும் ஐந்தடிக்கு மேல் இல்லை என்றால் சி.டி. தேவையில்லை. 2,000 பேரில் ஒருவருக்குக்கூடப் பெரிய காயம் இருப்பதில்லை. ஒரே ஒரு வாந்தி மட்டும் என்றால், நான்கு முதல் ஆறு மணி நேரம் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதும் முறையான சிகிச்சைதான். பெற்றோர் அவசரப்படுத்துவதால் எழுதப்படும் ஸ்கேன்கள் எவ்வளவோ. குழந்தை எழுப்பினால் எழவில்லை, பேச்சு குழறுகிறது, வலிப்பு வந்தது என்றால் கதிர் பற்றி ஒரு நொடியும் யோசிக்காமல் எடுத்துவிட வேண்டும்.

எடுக்கும்போது கேட்க வேண்டியது: ‘பீடியாட்ரிக் புரோட்டோகாலில்தானே எடுக்கிறீர்கள்?’ பெரியவர்களுக்கான செட்டிங்கை மாற்றாமல் குழந்தைக்கு எடுப்பதுதான் நடக்கிற தவறுகளில் மோசமானது. படம் மிக அழகாக வரும். அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

*மகளுக்கு 12 வயது. முதுகெலும்பு வளைவு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழு முதுகு எக்ஸ்ரே. பயமாக இருக்கிறது.*
– வாசகி, ஈரோடு

நியாயமான பயம். 1912 முதல் 1965 வரை இதே குறைக்கு அமெரிக்காவில் சிகிச்சை பெற்ற 5,573 பெண்களைப் பிற்பாடு ஆராய்ந்தபோது, மார்பகப் புற்றுநோயால் 77 பேர் இறந்திருந்தார்கள். எதிர்பார்த்தது 46 பேர். ஒவ்வொருவருக்கும் சராசரியாக 25 எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். அந்தக் காலத்துக் கதிர் அளவு இன்றையதைவிடப் பல மடங்கு. ஆனால் அதில் இன்றைக்கும் பயன்படும் ஒரு பாடம் உண்டு. அப்போது முன்பக்கத்திலிருந்து கதிரைப் பாய்ச்சினார்கள். வளரும் மார்பகம் முழு அளவையும் வாங்கியது. மகளை எக்ஸ்ரே குழாய்க்கு முதுகைக் காட்டி, மார்பு பலகைப் பக்கம் இருக்கும்படி நிறுத்தச் சொல்லுங்கள். எக்ஸ்ரே ஆட்கள் இதைப் ‘பி.ஏ. வியூ’ என்பார்கள். உடம்பே தடுப்பாக நின்று, மார்பகத்துக்குப் போகும் கதிரைப் பல மடங்கு குறைத்துவிடும். காசு செலவில்லை, திரும்பி நிற்க வேண்டும், அவ்வளவுதான். பக்கவாட்டுப் படம் முதல் முறை போதும். ஒவ்வொரு தடவையும் வேண்டுமா என்று கேளுங்கள்.

*ஒரு சி.டி. 300–400 எக்ஸ்ரேவுக்குச் சமம் என்கிறார்கள். உண்மையா?*
– வாசகர், மதுரை

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் அப்போதைய எய்ம்ஸ் இயக்குநர் சொன்னதிலிருந்து பரவிய ஒப்பீடு இது. ரேடியாலஜிஸ்டுகள் மறுத்தார்கள். எந்த எக்ஸ்ரே, எந்த சி.டி. என்பதில்தான் குழப்பமே. நவீன டிஜிட்டல் நெஞ்சு எக்ஸ்ரே 0.02 மில்லிசீவர்ட், சாதாரண நெஞ்சு சி.டி. 7 என்று வைத்தால் 350 மடங்கு. எக்ஸ்ரேயை 0.1 என்றும், லோ டோஸ் சி.டி.யை 1.5 என்றும் வைத்தால் 15 மடங்கு. இரண்டு கணக்கும் சரிதான். எக்ஸ்ரே அவ்வளவு குறைவு என்பதால் மடங்கு பெரிதாகத் தெரிகிறது.

இயற்கைக் கதிரோடு ஒப்பிடுவது மேல். மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் மோனசைட் மணலில் கதிர் வீசும் தோரியம் இருப்பதால் மக்களுக்குப் பல மடங்கு கூடுதல் கதிர் கிடைக்கிறது. கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, 2009இல் வெளியிட்ட ஆய்வில் அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அங்கே வருடம் முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் படுவதும், ஸ்கேனில் சில நொடிகளில் படுவதும் முழுக்க ஒன்றல்ல.

*கர்ப்பம் என்று தெரியாமல் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட்டேன். ஐந்தாவது வாரம். கலைத்துவிடச் சொல்கிறார்கள்.*
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

கலைக்கக் காரணமே இல்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேக்கும் (உடல் உறிஞ்சும் கதிரை அளக்கும் அலகு) குறைவு. ஒன்பது மாதத்தில் இயற்கையாகவே அரை முதல் ஒரு மில்லிகிரே அதற்குக் கிடைக்கும். ஊனம் பற்றிய கவலை 100 மில்லிகிரேயை எட்டும்போதுதான். அதற்குக் கீழே கதிரைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்கக் கூடாது என்பது சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலைப்பாடு. வயிறு, இடுப்பு சி.டி.யில்கூட பொதுவாக 10 முதல் 25 மில்லிகிரேதான். அப்படி எடுத்திருந்தால், குழந்தைப் பருவப் புற்றுநோய் வாய்ப்பு லேசாகக் கூடும் என்பதால், மருத்துவ இயற்பியலாளரிடம் அளவைக் கணக்கிடச் சொல்லிப் பேறுகால மருத்துவரோடு பேசலாம். உங்களுக்கு அதுவும் தேவையில்லை.

*முன்பெல்லாம் எக்ஸ்ரேயில் இடுப்புக்குக் காரீயத் துண்டு போடுவார்கள். இப்போது போடுவதில்லை. அலட்சியமா?*
– வாசகர், தஞ்சாவூர்

இல்லை. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் அந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. துண்டு நகர்ந்து பார்க்க வேண்டிய எலும்பை மறைக்கும். மறுபடி எடுக்க நேரிடும். தானியங்கி அளவீட்டுப் பகுதிக்குள் காரீயம் வந்தால் ‘கதிர் போதவில்லை’ என்று எந்திரம் இன்னும் கூட்டும். ஆனால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு உடன் நிற்பவருக்கு ஏப்ரான் கட்டாயம். கர்ப்பிணி பிடிக்கக் கூடாது. வார்டில் பக்கத்துக் கட்டிலுக்கு மொபைல் எக்ஸ்ரே வந்தால் இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். தூரம் இரட்டித்தால் கதிர் கால் பங்காகும்.

உண்மையான அலட்சியத்தைக் கண்டுபிடிக்க வேறு வழி உண்டு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா, தரச் சோதனை குறித்த காலத்தில் நடந்ததா, டெக்னீஷியன் சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் (அவர்மேல் படும் கதிரை அளக்கும் வில்லை) இருக்கிறதா, எடுக்கும்போது கதவை மூடுகிறாரா என்று பாருங்கள்.

*அம்மாவுக்கு பெட்-சி.டி. எடுக்கப் போகிறோம். வீட்டில் எட்டு மாதப் பேரன் இருக்கிறான். எம்.ஆர்.ஐ.யிலும் இதே பிரச்சினையா?*
– வாசகி, சேலம்

எம்.ஆர்.ஐ., அல்ட்ரா சவுண்ட் இரண்டிலும் இந்த வகைக் கதிரே கிடையாது. எக்ஸ்ரேயும் சி.டி.யும் விளக்கை அணைத்தது மாதிரி, முடிந்ததும் உடம்பில் எதுவும் தங்காது. பெட்-சி.டி. மட்டும் வேறு: ஊசியில் போடும் ஃப்ளூரின்-18 உடம்புக்குள் இருந்தபடி கதிர் வீசும். அது 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகும். ஆறு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. அம்மா நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கட்டும். கழிவறையை இரண்டு முறை தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். அன்று இரவு வரை பேரனை மடியில் வைக்க வேண்டாம், பக்கத்தில் படுக்க வைக்கவும் வேண்டாம். மறுநாள் காலை தூக்கிக்கொள்ளலாம்.