நிலத்தை விற்காதீர்கள் அண்ணே, மகளைக் கடற்பாசி பற்றிப் படிக்க விடுங்கள்

அண்ணே, உங்கள் மெசேஜ் முழுவதும் படித்தேன். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு சீட்டுக்கான மார்க் வரவில்லை, வீட்டில் யாருக்கும் சரியான தூக்கமில்லை, மச்சினர் தினமும் போன் போட்டு "நிலத்தை வித்தாவது டாக்டராக்கிடுங்க" என்கிறார். கவலை புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தால் அட்மிஷன் தேதி போய்விடும், அதனால் நேராகச் சொல்கிறேன்: நிலத்தை விற்காதீர்கள். பல நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.பி.எஸ். கட்டணம் மட்டுமே ஒரு கோடியைத் தாண்டுகிறது. வெளிநாடு மலிவு என்கிற மச்சினர், படித்துத் திரும்பியவர்கள் இங்கே எழுதும் தகுதித் தேர்வில் பாதிக்கு மேல் தோற்கிறார்கள் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார். மூன்றாவது முறை கோச்சிங்கும் வேண்டாம். இன்ஜினியரிங், நர்சிங்கெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

பாம்பன் பெரியம்மா கடலில் எடுத்து வரும் பாசியை இவள் வகை வகையாகப் பிரித்து வைத்துக்கொண்டு "இதுல என்ன மருந்து இருக்கு"ன்னு நோண்டுகிறாள், நேரத்தை வீணாக்குகிறாள் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அந்த வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கென்று படிப்பும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது.

மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோபினாக் மாதிரி மாத்திரைகள் வீக்கத்தைக் குறைக்கும், ஆனால் இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் சுரப்புகளையும் சேர்த்தே குறைத்துவிடும், அதனால்தான் தொடர்ந்து போடுகிறவர்களுக்கு அல்சர் வருகிறது. வீக்கத்தையும் தணித்து வயிற்றையும் காப்பாற்றுகிற ஒரு பொருள் கிடைத்தால் எப்படி இருக்கும்? சிவப்புப் பாசிகளை ஆராய்கிறவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் கிராசிலேரியா சாங்கி என்ற சிவப்புப் பாசியின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், வயிற்றுப் புண் குறைந்தது, வீக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் செல்கள் சுரப்பதும் குறைந்தது, 2013இல் அதை வெளியிட்டார்கள். நம் பக்கத்துக் கஞ்சிப்பாசியும் அதே கிராசிலேரியா பேரினம்தான்.

வேலை எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போதே தெரிய வேண்டும். பாசியை நல்ல தண்ணீரில் அலசி, மணலையும் ஒட்டியிருக்கும் வேறு பாசியையும் கையால் பொறுக்கி, நிழலில் காயவைத்து, அரைத்து, மெத்தனாலில் ஊறவைத்து, அந்த மெத்தனாலை ஆவியாக்கினால் அடியில் பிசுபிசுவென்று கொஞ்சம் கரும்பச்சைச் சாறு மிஞ்சும். பட்டினி போட்ட எலிக்கு முதலில் அந்தச் சாறு, அப்புறம் புண் வரவழைக்கச் சாராயம். கொஞ்ச நேரம் கழித்து எலியைக் கொன்று, இரைப்பையைத் திறந்து, உள்ளே சிவப்புக் கோடு கோடாக இருக்கும் புண்களை லென்ஸ் வைத்து மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். பக்கத்தில் ஒமிப்ரசோல் என்ற அல்சர் மாத்திரை கொடுத்த எலியையும் வைத்து ஒப்பிட வேண்டும். இதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம், அப்படியும் எல்லோராலும் முடியாது. அவளால் முடியுமா என்று அவளிடமே கேளுங்கள், மச்சினரிடம் கேட்காதீர்கள். முடியாதென்றால் வேதியியல் பக்கம் போகலாம், அங்கே சாற்றில் இருப்பது என்ன என்று பிரித்துப் பார்க்கிற வேலை.

இன்னொன்று. மண்டபம் பக்கம் மிதவையில் வளர்க்கிறார்களே கப்பாபைகஸ், அதுவும் சிவப்புப் பாசிதான். அதிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்ற பசைப்பொருள் உணவுத் தொழிலுக்குப் போகிறது. வேறு சில சிவப்புப் பாசிகளிலும் கிடைக்கும் கராஜீனனைத்தான் எலியின் பாதத்தில் ஊசியாகப் போட்டு வீக்கம் வரவழைத்து, வீக்க மருந்துகளைச் சோதிக்கிறார்கள்! பாசி என்றாலே மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது, எந்தப் பாசி, எந்தப் பகுதி, எவ்வளவு என்று சொல்லப் படித்த ஆள் வேண்டும்.

வழி இதுதான். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் அல்லது வேதியியல், வருடத்துக்குச் சில ஆயிரம்தான். அப்புறம் எம்.எஸ்சி.க்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், இல்லையென்றால் தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழக வளாகம். மண்டபத்திலேயே மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி நிலையம் இருக்கிறது, புராஜெக்ட் செய்ய அங்கே கேட்டுப் பார்க்கலாம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைத் தகுதி வாங்கிவிட்டால் பி.எச்டி.யின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் அதைவிடக் கூடுதலாக உதவித்தொகை வரும், உங்கள் கையிலிருந்து போகாது. மருந்துப் பக்கம்தான் பிடிக்கிறது என்றால் பி.பார்ம்., அதற்கு நீட் தேவையில்லை. பிறகு எம்.பார்ம். மருந்தியல்.

இது மெதுவான பாதை, மறைக்க மாட்டேன். முப்பது வயதுக்குள் கார் வாங்கித் தருகிற படிப்பு இல்லை. ஆனால் கடன் இல்லாமல், தானே விரும்பி எழுந்து போகிற வேலை, அதுவும் உங்கள் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே. வலமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா வருகிறது, அங்கே பாசி தெரிந்த படித்தவர்கள் தேவைப்படுவார்கள்.

கடைசியாக உங்கள் கேள்வி: "எனக்கு அல்சர் இருக்கிறது, கஞ்சிப்பாசிக் கஞ்சி குடித்தால் சரியாகுமா?" சாப்பாடாகக் குடியுங்கள், மருந்தாக நினைக்காதீர்கள். எலியில் தெரிந்தது மனிதருக்கு நிரூபணமாகவில்லை. அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் வலி மாத்திரை அல்லது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. கிருமியென்றால் இரண்டு வாரத்து ஆன்டிபயாடிக்கில் பெரும்பாலும் போய்விடும். இந்த வாரமே டாக்டரைப் பார்த்து அந்தச் சோதனையை எடுங்கள். கலைக்கல்லூரி விண்ணப்பத்தை மகளையே போடச் சொல்லுங்கள், பாடத்தையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும்.