விடுங்கோ அன்ரி, நான் செய்றன்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 58 வயது. 1992 இல் இலிகிதராக வேலைக்கு வந்தேன், ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் இப்போது கோவைகளை எல்லாம் கணினியில் ஏற்றுகிறார்கள். புதிதாக வந்தவர்கள் நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நான் ஒரு எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே "விடுங்கோ அன்ரி, நான் செய்றன்" என்று மௌசை வாங்கிவிடுகிறார்கள். இத்தனை வருடம் வேலை செய்த மேசையில் வேலை தெரியாதவள் மாதிரி இருக்கிறேன். முன்கூட்டியே விலகிவிடலாமா? – வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, விலக வேண்டாம். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன், மூன்றாம் தரம் கண் கலங்கிவிட்டது, ஏனென்றால் நானும் அந்தக் கதிரையில் இருந்தவள்தான்.

வயது போனவர்களுக்குப் புதிதாக ஒன்று வந்தால் பயம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. வன்னியில் வாழ்ந்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நீங்கள் வேலைக்கு வந்த காலத்தில் இங்கே மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிப்பித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, அந்த டைனமோவில் ரேடியோ பாடியது. மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடினோம். 1996 இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, மல்லாவியில் மரத்துக்குக் கீழே மேசை போட்டுப் பதிவேடு எழுதியபோது, மங்கிப்போன ரிபனுக்கு மை தடவித் தடவித் தட்டச்சு அடித்தேன். இதற்கெல்லாம் யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித்தரவில்லை. பிறகு 2022 இல் பெற்றோலுக்குக் கியூஆர் வந்தது. 70 வயதுக்காரரும் அதைப் போனில் காட்டி எண்ணெய் அடித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

பிறகு ஏன் இந்தக் கணினி மட்டும் இப்படி வருத்துகிறது? நான் யோசித்துப் பார்த்ததில், அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியாமல் இருந்தது. பெரியவர், சின்னவர், அதிகாரி, பியோன் எல்லோரும் சேர்ந்து தட்டித் தடவிக் கண்டுபிடித்தோம், யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. இப்போது பக்கத்து மேசைக்கு ஏற்கெனவே தெரியும். அந்தப் பிள்ளைகள் போனைப் பிடித்த கையோடு வளர்ந்தவர்கள், எங்களுக்கோ சண்டை முடிந்த பிறகுதான் வீட்டுக்குக் கம்பியில் மின்சாரமே வந்தது. அந்த இடைவெளியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வேகமாக முடிக்க வேண்டும் என்று மௌசை வாங்குகிறார்கள், அது உங்கள் கையில் அடித்த மாதிரி இருக்கிறது. கை படாமல் யாரும் எதையும் பழகியதில்லை.

அதனால் நாளைக்கே அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள்: "நீர் வாயால சொல்லும் பிள்ளை, நான் அமத்துறன்." அவ்வளவுதான். சொன்னால் கேட்பார்கள். ஒரு கொப்பி வைத்து ஒவ்வொரு படியையும் உங்கள் கையெழுத்தில், உங்களுக்கு விளங்குகிற மாதிரி எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று, உங்கள் பெயரில் இருக்கிற கடவுச்சொல்லை உதவிக்கென்று யாருக்கும் கொடுத்து வேலை செய்ய விடாதீர்கள். அதற்குள் பதிவது எல்லாம் நீங்கள் ஒப்பம் வைத்த மாதிரி.

அப்புறம், உங்களிடம் இருப்பதையும் அவர்கள் கேட்க வேண்டும். எங்கள் சனத்தின் ஆவணங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. தமிழில் எழுதியதை ஆங்கிலத்தில் ஏற்றும்போது ஒரு எழுத்துக் கூடும், சிங்களத்தில் குறையும். இடம்பெயர்வில் காணி அனுமதிப்பத்திரம் தொலைத்தவர்கள், தகப்பன் பெயரில் இருந்த காணியில் பேரப்பிள்ளை இருக்கிற வீடுகள், வரைபடத்தில் ஒரு பெயரும் ஊர்வாயில் ஒரு பெயரும் உள்ள குறிச்சிகள். கணினி "அப்படி ஒருவர் இல்லை" என்று காட்டும். இது இன்னாருடைய மருமகன், பழைய லெஜரில் இந்தப் பக்கம் பாருங்கோ என்று சொல்ல உங்களைப் போன்ற ஒருவர் அந்த அறையில் வேண்டும். இல்லாவிட்டால் யன்னலுக்கு வெளியே நிற்கிற ஏழைச்சனம்தான் திரும்பத் திரும்ப அலையும். தெரிந்ததை எல்லாம் அந்தக் கொப்பியின் மற்றப் பக்கத்தில் எழுதத் தொடங்குங்கள். இரண்டு வருடம் அதற்கே போதாது.

கேள்வி: அம்மா தனிய இருக்கிறா. வங்கியிலிருந்து என்று யாரோ எடுத்து, போனுக்கு வந்த இலக்கத்தைக் கேட்டார்களாம். அம்மா பயத்தில் வைத்துவிட்டா. செய்தது சரியா? – வாசகர், மாங்குளம்

பதில்: நூற்றுக்கு நூறு சரி. போனுக்கு வருகிற அந்த இலக்கம் பெட்டகத்தின் திறப்பு மாதிரி, வங்கி அதைத் தொலைபேசியில் கேட்காது. அம்மாவைப் பாராட்டுங்கள். வாயால் பாராட்டுங்கள், அவ கேட்கிற மாதிரி. அதோடு வங்கிக்கு நேரே கூட்டிக்கொண்டு போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 75 வயது. 1970களில் படித்த வாலிபர்களுக்குக் காணி கொடுத்துக் குடியேற்றிய திட்டத்தில் முத்தையன்கட்டுக்கு வந்தவர். இந்தக் காலபோக நெல்லுக்கு வெட்டு மெசின் பிடிக்கலாம் என்றால் சண்டைக்கு வருகிறார். கையால் வெட்ட ஆள் கிடையாது. எப்படி விளங்கப்படுத்துவது? – வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, உங்கள் அப்பா வந்த காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டு மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய அந்த வருடங்களில், காட்டை வெட்டி மிளகாய் வைத்து, தண்ணீர் இறைக்க வாட்டர் பம்பையும் உழவுக்கு ட்ரக்டரையும் கொண்டுவந்தது அந்த வாலிபர்கள்தான். மாட்டைக் கட்டி உழுத கிழவர்கள் அப்போது அவர்களைத் திட்டியிருப்பார்கள். அப்படிப்பட்டவர் மெசினுக்காக மட்டும் சண்டை பிடிக்க மாட்டார், வேறு காரணம் இருக்கும்.

காரணங்களை நானே சொல்கிறேன், சரியா என்று அவரிடம் கேளுங்கள். மெசின் வெட்டிய நெல் ஈரமாக வரும். ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இல்லாவிட்டால் நெல் சந்தைப்படுத்தும் சபை எடுக்காது, அதனால்தான் மாசியில் பரந்தன் – முல்லைத்தீவு வீதி முழுக்க நெல் காய்கிறது. வைக்கோல் துண்டாகிச் சேற்றில் சிதறிவிடும், மாட்டுக்குப் போர் வைக்க மிஞ்சாது. அடுத்த வயலில் வெட்டிவிட்டு வந்த மெசினுக்குள் அந்த வயலின் நெல்லும் பன்றிநெல் என்கிற களைநெல்லும் கிடக்கும், அது உங்கள் வயலில் கொட்டும். இதெல்லாம் உண்மையான நட்டம்.

அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. இன்று உன் வயல், நாளை என் வயல் என்று மாறி மாறி வெட்டி, கதிர்களைக் குவித்துச் சூடு வைத்து, இரவிரவாகச் சூடடித்து, களத்தில் பொலி குவிந்ததைப் பார்த்து, புது நெல்லில் புதிர் எடுத்த மனிதர் அவர். மெசின் வந்து ஏக்கரைக் கொஞ்ச நேரத்தில் முடித்துவிட்டுப் போனால் அவருக்கு அந்த நாளில் செய்ய ஒன்றுமில்லை, வரம்பில் நின்று பார்க்கத்தான் முடியும். அந்த வருத்தத்தைக் கோபமாகச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

ஆள் இல்லை என்பதும் உண்மைதான், மெசினைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் மெசின்காரருக்கு முற்பணம் கொடுக்க முதல் ஒரு பின்னேரம் அப்பாவோடு வயலைச் சுற்றி நடந்து வாருங்கள். விதைநெல்லுக்கு எந்தப் பக்கம் விடுவது, எந்த மூலையைக் கையால் வெட்டி மாட்டுக்கு வைக்கோல் எடுப்பது, மெசின் எந்த வரம்பால் இறங்குவது, எல்லாவற்றையும் அவரைச் சொல்ல விடுங்கள். இறங்க முதல் மெசினைத் துப்புரவாக்கச் சொல்லி அவரே நின்று பார்க்கட்டும்.