1930களில் சிங்கப்பூருக்குக் குடியேற வந்த சீனர்களுக்குப் பிரிட்டிஷ் அரசு கோட்டா (எண்ணிக்கை வரம்பு) வைத்தது, இந்தியர்களுக்கு ஏன் வைக்கவில்லை?

1930இல் ரப்பர், ஈய விலை சரிந்து வேலையில்லாதோர் பெருகினார்கள். ஆகஸ்டில் சீன ஆண் தொழிலாளர்களுக்கு மாதக் கோட்டா வந்தது. 1933இல் வந்த அந்நியர் சட்டம் குடியுரிமையைப் பார்த்தது. இந்தியர் பிரிட்டிஷ் பிரஜைகள், அதனால் அதில் சிக்கவில்லை. (தோட்டத்துக்கு ஆள் எடுப்பதை மட்டும் தனியாக நிறுத்தினார்கள்.)

திட்டத்தின் ஓட்டை கப்பல் டிக்கெட்டில் இருந்தது. கோட்டாவைக் கப்பல் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்ததால் கட்டணம் எகிறியது. பெண்களுக்குக் கோட்டா கிடையாது. சீனத் துறைமுகத் தரகர்கள், கோட்டா டிக்கெட் ஒன்று வேண்டுமென்றால் கோட்டா இல்லாத டிக்கெட்டுகள் சிலவற்றையும் சேர்த்து வாங்கச் சொன்னார்கள். கோட்டா இல்லாத அந்த டிக்கெட்டுகளை நிரப்பப் பெண்களைத் திரட்டினார்கள். 1938இல்தான் பெண்களுக்கும் வரம்பு வந்தது. இந்தியர்களுக்கும் கதவு இறுகியது 1953 ஆகஸ்டில், புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது.