வெள்ளம் அடித்துப்போன ஓடையில் மீன் திரும்புமா?

கேள்வி: எங்கள் வயலை ஒட்டி ஓர் ஓடை உண்டு. மூன்று மாதத்துக்கு முன் வந்த பெருவெள்ளம் கரையையே அறுத்துவிட்டது. தண்ணீர் தெளிந்தும் மீன் நடமாட்டம் இல்லை. குஞ்சு வாங்கி விடலாமா? உள்ளே விழுந்து கிடக்கும் மரங்களைப் பொக்லைன் வைத்து எடுத்துவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

வெள்ளத்தில் அதிகம் போவது முட்டையும் குஞ்சும்தான். பெரிய மீன்கள் பாறை மறைவிலும் கரையோர வேர்களுக்கு இடையிலும் கிளை ஓடைகளிலும் ஒதுங்கித் தப்பித்துவிடும். அதனால் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதைவிட, எப்போது வந்தது என்பதுதான் முக்கியம். முட்டையிடும் சமயத்தில் வந்திருந்தால் அந்த வருடத்துக் குஞ்சுகள் அநேகமாகப் போயிருக்கும். முட்டையிடும் முன்பே வந்து வடிந்திருந்தால் நன்மைகூட உண்டு: சரளைக் கற்களுக்கு இடையே அடைத்திருந்த வண்டலை வெள்ளம் அலசிவிடும், முட்டைக்குக் காற்றோட்டமான இடம் கிடைக்கும்.

முதலில் திரும்புவது மீன் அல்ல, அதன் இரை. நீர்ப்பூச்சிகளில் பல வளர்ந்ததும் பறப்பவை. வேறு நீரிலிருந்து வந்து முட்டையிட்டு, சில வாரங்களிலோ மாதங்களிலோ பெருகிவிடும். அப்புறம் மேலிருந்தும் கீழிருந்தும் மீன் வரும். எண்ணிக்கை பழைய அளவுக்கு வர ஓரிரு வருடம் ஆகலாம், சில ஓடைகளில் அதற்கு மேலும் ஆகும். கூட்டம் குறைவு என்பதால் தப்பிய மீன்களுக்கு இரைப் போட்டியும் குறைவு, அவை வேகமாக வளர்வதும் உண்டு. ஆனால் மடுக்கள் மணலால் மூடிப்போயிருந்தால், ஆழத்தில் வாழும் இனங்கள் குறைந்து, மணல்தரையை விரும்பும் அயிரை போன்றவை கூடும். மீன் வந்துவிடும், ஆனால் பழைய அதே இனம்தான் வரும் என்று சொல்ல முடியாது.

மரங்களை எடுக்கச் சொல்லித்தான் எல்லோரும் வருகிறார்கள்! அவற்றின் அடியில்தான் தண்ணீர் குடைந்து புது மடு உருவாகும். பாலத்தை அடைத்தாலோ, வயல் பக்கம் தண்ணீரைத் திருப்பினாலோ மட்டும் அகற்றுங்கள். குஞ்சு விடுவதிலோ வேறு ஆபத்து: வெளி இனமும் நோயும் சேர்ந்து வரலாம். பண்ணைக் குட்டை உடைந்து திலேப்பியா என்ற வெளி இன வளர்ப்பு மீன் ஏற்கெனவே ஓடைக்குள் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, கீழே தடுப்பணையோ, உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டும் குழாய்ப் பாலமோ இருக்கிறதா? இருந்தால் கீழ்ப்பக்க மீன் ஏறி வர முடியாது. அப்படியானால் மேலே உள்ள கிளை ஓடைகளில் மீன் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.